நாலு வருஷமா தியன்ஹொங் குடிக்கிறேன், என் அனுபவம்

சீனால இருக்கற குன்மிங் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு, தினமும் காலைல குடிக்கிறது இந்தப் பக்கத்து தியன்ஹொங் டீதான். தியன்னா யுன்னான் மாகாணத்தோட சுருக்கப் பேரு, ஹொங்னா சிவப்பு. நாம பிளாக் டீங்கிறத இங்க சிவப்பு டீன்னுதான் சொல்வாங்க, இது தெரியாம மொத தடவை கடைல கருப்பு டீன்னு கேட்டு, ஊற வச்சுப் புளிக்க வைக்கிற வேற வகை டீய வாங்கிட்டு வந்துட்டேன்.

சரியான இலை கிடைச்சப்புறமும் நம்ம வழக்கப்படி பால்ல போட்டு நல்லா கொதிக்க விட்டேன். அந்த வாசமே செத்துப் போச்சு. பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு மூடி போட்ட சின்னக் கிண்ணம் ஒண்ணு குடுத்து சொல்லித் தந்தாங்க: 5 கிராம் இலை, 100 மில்லி வெந்நீர், பத்து செகண்ட்ல வடிச்சிடணும், அதே இலைல திரும்பத் திரும்ப ஆறேழு தடவை ஊத்தலாம். குன்மிங் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்துல இருக்கறதால தண்ணி 94 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், இந்த டீக்கு அந்தச் சூடு கரெக்டா இருக்கு. கீழ இருக்கறவங்க கொதிச்ச தண்ணிய ஒரு நிமிஷம் ஆற விட்டு ஊத்திப் பாருங்க.

ரெண்டாவது, மூணாவது ஊத்துதான் எனக்கு உயிர். சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கு வாசம், தேன் மாதிரி ஒரு இனிப்பு, சர்க்கரை போடணும்னு தோணவே தோணாது. இலைல தங்கக் கலர்ல பூனை முடி மாதிரி இருக்கும், அது மொட்டு மேல இருக்கற மெல்லிசான முடி. செடி நம்ம அசாம் டீயோட அதே பெரிய இலை ஜாதிதான், அதனால அந்தத் திடம் நமக்குப் பழகின திடம். யுன்னான்ல இருக்கற ஃபெங்சிங் ஊர்ல 1939 வாக்குல, ஜப்பான் போரால சீனாவோட கிழக்குப் பக்கத்து தேயிலை ஏற்றுமதி முடங்கினப்போ, தொழிற்சாலை போட்டு ஆரம்பிச்சதாம் இது.

ஒரு விஷயம் முக்கியமா சொல்லணும். ஆறினா பால் கலந்த மாதிரி கலங்கிடும், கெட்டுப் போச்சுன்னு நெனச்சு எத்தனை கிளாஸ் கொட்டிருப்பேன்! காஃபீனும் தேயிலைல இருக்கற துவர்ப்புச் சத்தும் சேர்றதால வர்றதுதான் அது, லேசா சூடு பண்ணா தெளிஞ்சிடும், நல்ல இலைங்கிறதுக்கே அது ஒரு அடையாளம்.

மத்ததும் குடிச்சுப் பாத்தேன். அன்ஹுய் பக்கத்து ச்சிமென் பூ வாசமா மெல்லிசா இருக்கும், மத்தியானத்துக்கு நல்லா இருக்கு. வூயி மலை தோங்மு கிராமத்து லாப்சாங் பைன் மரப் புகைல காய வச்சது, மழை நாள்ல மட்டும் எடுப்பேன். அதே கிராமத்துல 2005ல வந்த ஜின் ஜுன் மெய், வெறும் மொட்டுல பண்றது, ஒரு கடைல பெரிய விலை குடுத்து வாங்கி போலின்னு அப்புறம் தெரிஞ்சு ரொம்ப நாள் மனசு கேக்கல. தினப்படிக்கு நடுத்தர விலை தியன்ஹொங் போதும், காத்து போகாத தகர டப்பால, மசாலா டப்பா பக்கத்துல வைக்காம வச்சா ஒன்றரை வருஷம் வரைக்கும் எனக்கு வாசம் குறையல.