‘ரிவர் ரோடு’ பாம்பு என்று சொல்லி ஏமாற்றினார்கள்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

சான் ஆன்டோனியோவிலிருந்து எழுதுகிறேன். கிரே பேண்டட் கிங்ஸ்னேக் என்ற பாம்பை வளர்க்க வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2018இல் ஒரு கண்காட்சியில் 600 டாலருக்கு ஒரு ஜோடி வாங்கினேன். டப்பா மூடியில் மார்க்கரால் ‘ரிவர் ரோடு’ என்று எழுதியிருந்தது. மேற்கு டெக்சாஸில் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிப் போகும் எஃப்.எம். 170 சாலைதான் அது. ஆணுக்குச் சாம்பல் உடம்பில் மெல்லிய கறுப்புப் பட்டை, அதாவது ‘ஆல்டெர்னா’ என்ற நிற வகை. பெண்ணுக்கு அகலமான ஆரஞ்சுப் பட்டை, அது ‘பிளேரி’ என்ற வகை. “இந்த நிறம் அந்த ரோட்டில் மட்டும்தான் கிடைக்கும்” என்றார் விற்றவர். நம்பிவிட்டேன்.

அது சுத்தப் பொய். ஒரு தாய் இட்ட முட்டைகளிலேயே ஆல்டெர்னாவும் பிளேரியும் சேர்ந்து பொரிக்கும். ஒரு காலத்தில் இரண்டையும் தனித்தனி இனம் என்றே நினைத்திருந்தார்கள். நிறத்தை மட்டும் பார்த்து இது ரிவர் ரோடா, டெக்சாஸின் இன்னொரு ஊரான லாங்ட்ரியா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. யார், எங்கே, எப்போது பிடித்தார் என்ற பதிவு ஒன்றுதான் சாட்சி.

குட்டி எடுப்பதற்காக மூன்று குளிர்காலம் அவற்றைக் குளிரில் உறங்க வைத்து எடுத்தேன். 2021இல் ஆறு முட்டை, ஐந்து குட்டி. பல்லியைத் தவிர எதையும் தொடமாட்டோம் என்று ஐந்தும் அடம்பிடித்தன. கண் திறக்காத எலிக்குட்டியைக் கழுவித் துடைத்து, பல்லி வாசம் ஏறும்படி பல்லியின் முதுகில் நன்றாகத் தேய்த்து, இருட்டு மூலையில் வைத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பேன். கடைசிக் குட்டி வாய் வைத்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டை ‘ரிவர் ரோடு’ என்று எழுதியே நண்பர்களுக்குக் கொடுத்தேன்.

அவர்களில் ஒருவர், நெடுநாள் அனுபவசாலி, கேட்டார்: “தகப்பன் பாம்பு எந்த வருஷம், யார் பிடித்தது?” விற்றவரிடம் கேட்டேன். “2009இல் நானே ரோட்டோரப் பாறை வெட்டில் பிடித்தேன்” என்றார். 2007இலிருந்து 2011வரை டெக்சாஸில் சாலையோரம் பாம்பு பிடிக்கவே தடை! 2011க்குப் பிறகுதான் வேட்டை உரிமத்தோடு ‘ஸ்டாம்ப்’ என்ற தனி அனுமதிச் சீட்டும் வாங்கினால் அனுமதி. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. தகப்பன், தாய் இரண்டையுமே வேறொரு கண்காட்சியில் ஊர்ப் பெயரே இல்லாமல் வாங்கினாராம். பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றுவிட்டார்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஒரே ஊர்ப் பாம்புகளை வேறு ஊர்ப் பாம்போடு கலக்காமல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்; அந்தக் குட்டிகள் அப்படி யாருடைய ரிவர் ரோடு வம்சத்திலாவது கலந்திருந்தால் அந்த வம்சமே கெட்டிருக்கும். அதை யாராலும் பிரித்தெடுக்கவும் முடியாது. இரண்டு நண்பர்களுக்கும் அன்றே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

வாங்கும்போது தாய் தகப்பனின் படம், பிடித்தவர் பெயர், சாலை, வருஷம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். “நிறத்தைப் பார்த்தாலே தெரியாதா” என்று பதில் வந்தால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என்னிடம் இருக்கும் ஐந்து டப்பாக்களிலும் பழைய எழுத்தைத் துடைத்துவிட்டு ‘ஊர் தெரியாது’ என்று எழுதியிருக்கிறேன்.