எழுத்துப் படிப்புக்குக் கடன் வாங்கலாமா? அமெரிக்க எம்.எஃப்.ஏ.வும் மாற்று வழிகளும்

படைப்பெழுத்தில் எம்.எஃப்.ஏ. (மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற முதுகலைப் பட்டம்) தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் பாடத்திட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வாரம் ஒரு பட்டறை, சில இலக்கிய வகுப்புகள், முடிவில் புத்தக அளவுக்கு ஒரு கையெழுத்துப் பிரதி. ஆனால் சில இடங்களில் பல்கலைக்கழகமே படிக்கச் சம்பளம் தருகிறது, சில இடங்களில் கட்டணம் முழுவதும் உங்கள் தலையில். இந்தப் பட்டத்தின் பண மதிப்பைத் தீர்மானிப்பது கல்லூரியின் பெயரைவிட இந்த வித்தியாசம்தான்.

முதலில், கடன் வாங்கிப் படிப்பது. முன்பு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனில் படிப்புச் செலவு முழுவதையும் எடுத்துவிட முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டத்தால், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது கிடையாது. எம்.எஃப்.ஏ. போன்ற முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலர்தான் உச்சவரம்பு. மேலே தேவைப்பட்டால் தனியார் கடன். வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைத்துக்கொள்ளும் அரசுத் திட்டங்கள் அதற்குப் பொருந்தாது.

உச்சவரம்பு வரை மட்டும் இரண்டாண்டு வாங்கினால் அசல் 41,000 டாலர். முதுகலை மாணவருக்குப் படிக்கும்போதே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அந்த வட்டியை அரசு ஏற்பது 2012-லேயே நின்றுவிட்டது. வட்டி 8 சதவீதம் என்று வைத்தால், படிப்பும் தவணை தொடங்குமுன் தரும் ஆறு மாத அவகாசமும் முடியும்போது சுமார் 6,500 டாலர் சேர்ந்திருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க நினைத்தால் மாதம் 550 முதல் 580 டாலர் கட்ட வேண்டும்.

நாவல் விற்றால் அடைத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள், பதிப்பகம் தரும் முன்பணம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். 20,000 டாலர் முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் கமிஷன் 15 சதவீதம், அதாவது 3,000, முதலிலேயே கழிந்துவிடும். மீதி 17,000-மும் ஒரே காசோலையாக வராது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு பங்கு, திருத்திய பிரதியைப் பதிப்பகம் ஏற்றதும் ஒரு பங்கு, புத்தகம் வெளிவந்ததும் ஒரு பங்கு. பல ஒப்பந்தங்களில் பேப்பர்பேக் வந்த பிறகு நான்காவது பங்கு. ஆக, ஒவ்வொரு முறையும் கைக்கு வருவது 4,250 டாலர். அதில் சுயதொழில் வரி 15.3 சதவீதம், வருமான வரி தனி. ஒரு பங்கு வந்தால் ஆறு மாதத் தவணைக்குக்கூடச் சரியாகக் காணாது. அடுத்த பங்கு வர ஓராண்டு ஆகலாம். ராயல்டியோ முன்பணம் முழுவதும் விற்பனையில் ஈடான பிறகுதான்.

சரி, கல்லூரியில் பாடம் நடத்தலாமே? எம்.எஃப்.ஏ. அந்தத் துறையின் இறுதிப் பட்டமாக ஏற்கப்படுவதால் தகுதி உண்டு. ஆனால் நிரந்தரப் பணிக்கு, பட்டத்தோடு வெளியான புத்தகமும் கேட்கிறார்கள். புத்தகம் இல்லாதவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அட்ஜங்க்ட் வேலை. ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. அடுத்த பருவத்துக்கு உத்தரவாதம் இல்லை. வகுப்புக்கு 3,500 டாலர் என்று வைத்து ஆண்டுக்கு எட்டு வகுப்பு எடுத்தாலும் 28,000-தான். அந்த எட்டும் ஒரே கல்லூரியில் கிடைப்பது அரிது.

வருமானப் புள்ளிவிவரங்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்கில் எழுத்தாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) 72,270 டாலர். ஆனால் அந்தக் கணக்கில் வருகிறவர்கள் சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள் மட்டுமே, சுயதொழில் செய்வோர் இல்லை. ஆத்தர்ஸ் கில்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் அமைப்பின் ஆய்வில், முழுநேர நூலாசிரியர்களுக்கு 2022-இல் புத்தகங்களிலிருந்து மட்டும் கிடைத்த இடைநிலை வருமானம் 10,000 டாலர். கல்லூரி விளம்பரத்தில் முதல் எண்ணைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, இரண்டாவது எண்ணில் வாழ நேர்வதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

அதே 2024 தொழிலாளர் துறைக் கணக்கில் தொழில்நுட்ப எழுத்தாளர்களின் (மென்பொருள், கருவிகள் போன்றவற்றுக்குக் கையேடு எழுதுகிறவர்கள்) இடைநிலை ஊதியம் 91,670 டாலர். அதற்கு இளங்கலைப் பட்டம் போதும். இளங்கலையிலேயே எழுத்தைப் பாடமாக எடுப்பவர் கூடவே தொழில்நுட்ப எழுத்தையோ ஒரு அறிவியல் துறையையோ துணைப்பாடமாக வைத்துக்கொண்டால், பட்டம் வாங்கிய ஆண்டிலேயே வேலைச் சந்தையில் நிற்க முடியும். மென்பொருள் ஆவணங்களின் மாதிரிகள் மூன்று நான்கு கையில் இருந்தால், நேர்முகத்தில் மதிப்பெண் பட்டியலைவிட அவைதான் பேசும். அந்த வேலையில் இருந்துகொண்டு மாலைப் பட்டறைகளில் சேர்ந்து நாவல் எழுதுவதைப் பண அளவில் எந்தக் கட்டண எம்.எஃப்.ஏ.வும் வெல்லாது.

வேலையை விடாமலே படிக்கும் குறைவளாகப் படிப்பும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை பத்து நாள் போல நேரில், மற்றபடி அஞ்சல்வழி. உதவித்தொகை குறைவு. நிறுவனம் கட்டணத்தில் பங்கு தந்தால் (ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் தர முடியும்) யோசிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

முழு நிதியுதவியோடு வரும் எம்.எஃப்.ஏ. வேறு கதை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்சனர் மையம் சேர்க்கும் அனைவருக்கும், பாடம் நடத்தச் சொல்லாமலே, மூன்றாண்டு உதவித்தொகை தருகிறது. இடங்கள் மிகக் குறைவு. மற்ற பல இடங்களில் உதவித்தொகைக்கு ஈடாக முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்க வேண்டும். இங்கே நீங்கள் பெறுவது கடனில்லாத இரண்டு மூன்று ஆண்டு எழுதும் நேரம். கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அனுமதிக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றிருந்தாலும் பருவந்தோறும் கட்டாயக் கட்டணங்கள் தனியே வரலாம். உதவித்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா? 9 என்றால் கோடையில் வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீடு அதற்குள் அடங்குமா? பருவத்துக்கு நீங்கள் நடத்த வேண்டியது ஒரு வகுப்பா இரண்டா? இரண்டு வகுப்பு என்றால் ஐம்பது பேரின் கட்டுரைகளைத் திருத்துவதிலேயே எழுதும் நேரம் போய்விடும். இரண்டாம் ஆண்டு உதவி உறுதியா, இல்லை நிதி இருந்தால்தானா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தள்ளுபடியான கட்டணத்துக்குப் பொதுவாக வரியில்லை, கைக்கு வரும் உதவித்தொகைக்கு உண்டு.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு மத்திய அரசுக் கடன் கிடையாது. பருவத்தின்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கற்பித்தல் பணியே அதைத் தின்றுவிடும். படைப்பெழுத்து ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லாததால், படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி 12 மாதம்தான், 24 மாத நீட்டிப்பு இல்லை. ஆகவே நிதியுதவி இல்லாத எம்.எஃப்.ஏ. இவர்களுக்குச் சுத்தமாகக் கட்டுப்படியாகாது.

நிதியுதவிக் கடிதம் வந்ததும் பதறிக் கையெழுத்திடத் தேவையில்லை. பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் பொதுத் தீர்மானத்தை ஏற்ற பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. அதுவரை மற்ற இடங்களின் காத்திருப்புப் பட்டியல் நகர்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். கையிலுள்ள தொகையைச் சொல்லி, உங்களுக்கு அதிகம் பிடித்த துறையிடம் கூடுதலாகத் தர முடியுமா என்றும் மரியாதையாகக் கேட்கலாம்.