மணிக்கணக்கா, ஸ்டோரி பாயிண்டா, டிக்கெட் எண்ணிக்கையா? மதிப்பீட்டு முறைகள் ஓர் அலசல்

"இது எப்போ முடியும்?" என்று கேட்டால் சாஃப்ட்வேர் டீமில் மூன்று விதமாகப் பதில் வரும். ஒருவர் "32 மணி நேரம்" என்பார். இன்னொருவர் "8 பாயிண்ட்" என்பார். மூன்றாமவர், "அதை எதுக்குக் கணிக்கணும்? வரிசையில நமக்கு முன்னால எத்தனை டிக்கெட் நிக்குதுன்னு எண்ணுங்க" என்பார். டிக்கெட் என்றால் பட்டியலில் பதிவான ஒரு வேலை. ஆளுக்கொரு கட்சி. ஸ்ப்ரின்ட் எனப்படும் சில வார வேலைச் சுற்றுக்குத் திட்டமிடும் பிளானிங் மீட்டிங்கில் பாதி நேரம் இந்தச் சண்டையிலேயே போய்விடுகிறது.

மூன்றில் எது சரி என்று கேட்பதைவிட, அந்த எண் யாரிடம் போகிறது, அதை வைத்து அவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கட்சி. அதற்காக மூன்றும் சமம் என்று சொல்லி நழுவப் போவதில்லை. எனக்குப் பிடித்தது, பிடிக்காதது இரண்டும் இருக்கின்றன.

ஒப்பிட வசதியாக ஒரே ஒரு ஸ்டோரியை, அதாவது பயனருக்கு வேண்டிய ஒரு வசதியை, எடுத்துக்கொள்வோம்: பாஸ்வேர்டை மறந்த பயனர், மொபைலுக்கு வரும் ஓடிபி மூலம் புது பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்தால் சின்ன வேலைதான்.

மணிக்கணக்கு

டெவலப்பர் இதை இப்படிப் பிரித்துப் போடுவார்: ஸ்கிரீனுக்கு 6 மணி, ஏபிஐக்கு 8, எஸ்எம்எஸ் கேட்வே இணைப்புக்கு 4, யூனிட் டெஸ்டுக்கு 4, கோட் ரிவ்யூவுக்கு 2, க்யூஏ சோதனைக்கு 8. மொத்தம் 32. எட்டால் வகுத்தால் நாலு நாள். கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் நாலு நாளில் முடியாது.

முதல் காரணம், எட்டு மணி நேரமும் கோட் எழுதும் நாள் என்று ஒன்று எந்த அலுவலகத்திலும் கிடையாது. தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங், திடீரென்று வரும் புரொடக்‌ஷன் பக், இன்டர்வியூ பேனல் எல்லாம் போக ஆறு மணி நேரம் மிஞ்சினால் நல்ல நாள். இதைப் பல டீம்கள் தெரிந்தே கழித்துவிடுகின்றன. இரண்டாவது காரணம்தான் கண்ணுக்குத் தெரியாது. இந்தியாவில் ஓடிபி அனுப்ப வேண்டும் என்றால், அந்த எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை டெலிகாம் நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் டெம்ப்ளேட்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி இது. 2021 முதல் கறாராக நடைமுறையில் இருக்கிறது. பதிவு இல்லாத மெசேஜ் போய்ச் சேராது. அப்ரூவல் வரும்வரை காத்திருப்பதில் யாருடைய உழைப்பும் செலவாகாது, ஆனால் ஸ்டோரி நகராது. மணிக்கணக்கு எக்ஸெல் ஷீட்டில் உழைப்புக்கு இடம் உண்டு, காத்திருப்புக்கு இடம் கிடையாது. உண்மையில் டிக்கெட்டுகள் தாமதமாவது பெரும்பாலும் காத்திருப்பில்தான்.

மனித மனமும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் எழுதிய விஷயம் இது: தன் வேலைக்குத் தானே நேரம் குறிக்கும்போது, முன்பு இதே மாதிரி வேலைகள் எவ்வளவு இழுத்தன என்பதை மறந்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்குமோ அதைத்தான் நாம் கணக்கில் எடுக்கிறோம்.

இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-ல் உருவாக்கிய பெர்ட் முறை. நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் சொதப்பினால் எத்தனை நாள் என்று மூன்று எண் கேட்பார்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். நம் ஓடிபி ஸ்டோரிக்கு 2, 4, 12 என்று வைத்தால் விடை 5 நாள். எனக்கு அந்த 5-ஐவிட 12 முக்கியம். "சொதப்பினால் எத்தனை நாள்?" என்று கேட்கும்போதுதான் டெம்ப்ளேட் அப்ரூவல் கதை வெளியே வரும். ஆனால் இதை ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் செய்தால் டீம் எழுந்து ஓடிவிடும்.

மணிக்கணக்கை அடியோடு ஒதுக்கவும் முடியாது. ஃபிக்ஸட் பிரைஸ் புரொபோசல் போடும் சர்வீஸ் கம்பெனிக்கு வேறு வழியில்லை. கிளையன்ட் பணம் கொடுப்பது பாயிண்டுக்கு இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்த எண் மேலே ஏற ஏற அதன் குணம் மாறிவிடும். டெவலப்பர் வாயில் "சுமார் நாலு நாள்", லீடின் மெயிலில் "வியாழக்கிழமை", கிளையன்ட்டுக்குப் போகும் ஸ்லைடில் "டெலிவரி தேதி". "சுமார்" எந்தப் படியில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டோரி பாயிண்ட்

ஒரு வேலை மற்ற வேலைகளோடு ஒப்பிட எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்தான் பாயிண்ட். அது பிறந்ததே இந்தத் தொல்லையில் இருந்து தப்பிக்கத்தான். எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங் என்ற சாஃப்ட்வேர் முறையின் ஆரம்ப காலத்தில் டீம்கள் "ஐடியல் டே" என்று கணக்கிட்டன: யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் எத்தனை நாள். அதை ஏறக்குறைய மூன்றால் பெருக்கினால் நிஜ நாட்கள் வரும். ஒரு நாள் வேலைக்கு எப்படி மூன்று நாள் ஆகும் என்று பணம் போட்டவர்கள் துளைத்தெடுக்க, நாள் என்ற பேச்சே வேண்டாம் என்று பாயிண்ட் என அழைக்க ஆரம்பித்தார்கள். இதைச் சொன்னவர் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த ரான் ஜெஃப்ரீஸ். ஸ்டோரி பாயிண்டைக் கண்டுபிடித்தது நானாக இருக்கலாம், இருந்தால் இப்போது அதற்காக வருந்துகிறேன் என்ற தொனியில் அவரே எழுதியும் விட்டார்.

பாயிண்டோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இன்று இருக்கும், ஆளுக்கொரு எண் சீட்டு எடுத்து மதிப்பிடும் பிளானிங் போக்கரை 2002-ல் விவரித்தவர் ஜேம்ஸ் கிரென்னிங். 2005-ல் மைக் கோனின் புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. சீட்டில் இருக்கும் எண்கள் 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்று போகும். பெரிய வேலையில் 21-க்கும் 22-க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது, அதனால்தான் இடைவெளி அகன்றுகொண்டே போகிறது.

நம் ஸ்டோரிக்கு நாலு பேர் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். 3, 3, 5, 13. பதின்மூன்று போட்டவர் டெஸ்டர்.

"ஏன் கவிதா, 13?"

"டெம்ப்ளேட் அப்ரூவல் யார் வாங்குறாங்கண்ணா? ஆர்டர் எஸ்எம்எஸ்க்கு எவ்ளோ நாள் தொங்கினோம்னு ஞாபகம் இருக்குல்ல. அப்புறம் ஓடிபி வரலைன்னு ஒருத்தர் திரும்ப அனுப்புற பட்டனை அமுக்கிட்டே இருந்தா எத்தனை தடவை அனுப்பப் போறோம்? ஸ்டோரில அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

இந்த இரண்டு கேள்விகள்தான் போக்கரின் முழுப் பயன். கடைசியில் 5 போட்டார்களா 8 போட்டார்களா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சீனியர் முதலில் வாயைத் திறந்து "இது 2 தானே" என்று சொல்லிவிட்டால், ஜூனியர் கையில் இருக்கும் 13 சத்தமில்லாமல் 3 ஆகிவிடும்.

ஆக, பேசவைக்கும் கருவி என்ற அளவில் பாயிண்டுக்கு முழு மார்க். அதை டிக்கெட் மென்பொருளான ஜிராவில் ஏற்றிய பிறகுதான் வினை. முதலில் யாராவது "1 பாயிண்ட் என்றால் 8 மணி நேரம்" என்று ஒரு அட்டவணை போடுவார். அத்தோடு மணிக்கணக்கு கொல்லைப்புற வழியாக உள்ளே வந்தாயிற்று. அப்புறம் வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்ப்ரின்டில் முடியும் பாயிண்டுகள். மூன்று ஸ்ப்ரின்ட் சராசரி 30 என்றால் அடுத்ததில் 30 எடுக்கலாம் என்பது திட்டமிட உதவும் தகவல். அதையே மேலாளர் "அடுத்த காலாண்டில் 36 ஆக்குங்க" என்று இலக்காக மாற்றினால், டீம் கண்டிப்பாக 36 ஆக்கிக் காட்டும். நேற்றைய 3 இன்று 5 ஆகும், அவ்வளவுதான். பக்கத்து டீம் 45 எடுக்கிறதே, நீங்கள் ஏன் 30 என்ற கேள்வியும் வரும். அவர்களுடைய 5-க்கும் நம்முடைய 5-க்கும் எந்த உறவும் இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் மீட்டிங் நேரம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, பலர் ஸ்ப்ரின்ட் வைத்து வேலை செய்யும் ஸ்கிரம் முறை என்றாலே பாயிண்ட் என்று நினைக்கிறார்கள். 2020 ஸ்கிரம் கையேட்டைத் தேடிப் பாருங்கள். ஸ்டோரி பாயிண்டும் இல்லை, வெலாசிட்டியும் இல்லை. வேலையைச் செய்யப்போகிறவர்களே அதன் அளவைச் சொல்ல வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஸ்ப்ரின்டில் எடுத்துக்கொள்ளும் வேலையை வாக்குறுதி என்று சொல்வதை விட்டுவிட்டு, கணிப்பு என்று 2011-லேயே மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி இன்னும் பல அலுவலகங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

டி-ஷர்ட் சைஸ் என்ற இன்னொரு முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அடுத்த ஆறு மாத வேலைகளைப் பிரித்துப் போட ஒரு மணி நேரம் போதும். அந்த வேலைக்கு அது அருமை. எழுத்தைக் கூட்ட முடியாது என்பதே அதன் பெரிய பலம். எம் என்றால் 5, எல் என்றால் 8 என்று மாற்றினால் மறுபடி முதலில் இருந்து.

எண்ணிக்கை

கிளினிக்கில் உங்கள் டோக்கன் 23, உள்ளே போயிருப்பது 9 என்றால், நடுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன உடம்புக்கு என்று விசாரிக்க மாட்டீர்கள். மணிக்கு எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். டிக்கெட்டை எண்ணும் முறையும் இதுதான்.

இதற்கு நம் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் உள் பயன்பாட்டு சாஃப்ட்வேர்களைப் பராமரிக்கும் ஒரு டீமின் டெவலப்பர்களும் டெஸ்டர்களும் 2004-ல் ஹைதராபாத்தில் இருந்தார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 48 மணி நேரத்துக்குள் மதிப்பீடு தர வேண்டும் என்பது விதி. அதைத் தயாரிக்க, கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது. டீமின் உழைப்பில் கணிசமான பங்கு மதிப்பீட்டுக்கே போனது. மதிப்பிட்டவற்றில் பல கடைசியில் செய்யப்படவே இல்லை என்பது இன்னும் கொடுமை. டிராகோஸ் டுமிட்ரியு என்ற மேலாளர், டேவிட் ஆண்டர்சனின் உதவியோடு அந்த மதிப்பீட்டை அடியோடு நிறுத்தினார். கையில் ஒரே நேரத்தில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார். ஐந்து மாதம் வரை இழுத்த கோரிக்கைகள் இரண்டு வாரத்தில் முடிய ஆரம்பித்தன. கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைக்கும் கான்பான் முறை சாஃப்ட்வேர் உலகுக்குள் வந்த கதையில் இது முக்கியமான அத்தியாயம். டெவலப்பர்கள் வேகமாகிவிட்டார்கள் என்று இதை வாசிக்கக் கூடாது. தொந்தரவு நின்றது, வரிசை சுருங்கியது.

சரி, மதிப்பீடே இல்லாமல் தேதி எப்படிச் சொல்வது? கடந்த எட்டு ஸ்ப்ரின்டில் முடிந்த ஸ்டோரிகள் 6, 9, 4, 7, 8, 3, 7, 5 என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 ஸ்டோரி. சராசரி ஆறு சொச்சம், அதனால் ஏழு ஸ்ப்ரின்ட் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது ஒற்றை எண். அதற்குப் பதிலாக இந்த எட்டு எண்களையும் எட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டு, மறுபடி எடுத்து, 40 வரும்வரை கூட்டுங்கள். எத்தனை முறை எடுத்தீர்களோ அத்தனை ஸ்ப்ரின்ட். இதை ஆயிரக்கணக்கான தடவை கூகுள் ஷீட்டைச் செய்ய வைத்தால் அதுதான் மான்ட்டி கார்லோ. நம் எண்களுக்கு ஆறு ஸ்ப்ரின்டில் முடிய ஏறக்குறைய கால்வாசி வாய்ப்பு, ஏழில் முக்கால்வாசி, எட்டில் 95 சதவீதத்துக்கு மேல். எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனரிடம் இந்த மூன்று வரியைக் கொடுத்துப் பாருங்கள், பேச்சே மாறும். "ஏன் லேட்?" என்பது போய், "ஆறில் வேண்டுமென்றால் எதை வெட்டலாம்?" என்று கேட்பார்.

டெம்ப்ளேட்டுக்குக் காத்திருந்த நாட்கள், புரொடக்‌ஷன் பக் தின்ற நாட்கள், பொங்கல் வாரத்தில் பாதி டீம் ஊருக்குப் போனது எல்லாம் அந்த 3-லும் 4-லும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. மணிக்கணக்கில் தவறிப்போன காத்திருப்பு இங்கே தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. எனக்கு இந்த முறை பிடிக்க இதுதான் காரணம்.

குறையும் இருக்கிறது. நேற்று சேர்ந்த டீமுக்கு எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது. இரண்டு நாள் ஸ்டோரியும் இரண்டு மாத ஸ்டோரியும் ஒரே பேக்லாகில் (வேலைப் பட்டியலில்) கிடந்தால் எண்ணிக்கை பொய் சொல்லும்; ஒரு ஸ்ப்ரின்டுக்குள் தாராளமாக முடியும் அளவுக்கு வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். அந்த 40 என்பதும் 40-ஆகவே இருக்காது, வெட்ட வெட்ட 52 ஆகும். அந்த வளர்ச்சியையும் கணக்கில் சேர்க்காவிட்டால் எட்டு ஸ்ப்ரின்ட் என்பதும் கனவுதான். வெலாசிட்டியை ஊதிப் பெருக்கியவர்கள் எண்ணிக்கையையும் ஊதுவார்கள். ஒரு பட்டனுக்கு மூன்று டிக்கெட் போட்டால் ஆயிற்று. 2012 வாக்கில் வுடி ஸுயில் போன்றவர்கள் இதை ஒட்டிய பேச்சை "நோ எஸ்டிமேட்ஸ்" என்று கிளப்பிவிட்டதும் ஒரு வகையில் இடைஞ்சல். திட்டமே போடாத கூட்டம் என்று மேலாளர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

எங்கே எது

கிளையன்ட்டிடம் விலை சொல்ல மணிக்கணக்கு, அதுவும் 2 முதல் 12 என்ற மாதிரி வீச்சாக. அடுத்த ஆறு மாதத்தை வரிசைப்படுத்த டி-ஷர்ட். ரிலீஸ் தேதிக்கு எண்ணிக்கை. ஸ்டோரி எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிந்திருக்கிறதா என்று பார்க்க போக்கர். சீட்டு ஒத்துப்போனால் அடுத்த ஸ்டோரிக்குப் போங்கள், ஒத்துப்போகாவிட்டால் பேசுங்கள், பேசி முடித்ததும் எண்ணை மறந்துவிடுங்கள்.

ஸ்ப்ரின்டுக்குள் சப்-டாஸ்க் பிரிப்பது நல்ல பழக்கம். அதற்கு மணி போட்டு, தினமும் மீதி மணியைத் திருத்தி, மீதி வேலையைக் காட்டும் பர்ன்-டவுன் வரைபடத்தை அழகாக்குவது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். ஒரு சப்-டாஸ்க் ஒரு நாளில் முடியாது என்று தோன்றினால் இன்னும் பிரியுங்கள், போதும்.

மாற நினைக்கும் டீம் பாயிண்டை நாளைக்கே தூக்கியெறிய வேண்டியதில்லை. ஜிராவில் ஒவ்வொரு டிக்கெட்டும் எப்போது முடிந்தது என்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. கடந்த ஆறு மாதத்துக்கான அந்தப் பட்டியலை இறக்கி, டூப்ளிகேட் என்றும் தேவையில்லை என்றும் மூடப்பட்டவற்றை நீக்கிவிட்டு, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ஒரு ரெட்ரோ மீட்டிங்கில் பாயிண்ட் வைத்துச் சொன்ன தேதியையும் எண்ணிக்கை வைத்து வரும் தேதியையும் நிஜமாக முடிந்த தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுக்குத் தவறினால், குறைந்த நேரம் தின்னும் முறையை வைத்துக்கொள்ளலாம்.