மாயப் பையா, வைப்புச் சீட்டா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகசப் பாத்திர ஆட்டத்தை ஆடும் குழுவுக்குப் புதையல் கிடைத்ததும், அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். மாயப் பையில் சுமக்கலாம். வணிகச் சங்கத்தில் ஒப்படைத்துச் சீட்டு பெறலாம்.

எடை: ஐந்தாம் பதிப்பின் விதிப்படி 50 நாணயங்கள் ஒரு பவுண்டு. 500 பவுண்டு கொள்ளும் மாயப் பையில் 25,000 காசுகள் அடங்கும். அந்தப் பதிப்பின் 2014 விதிப்படி, உள்ளே எவ்வளவு இருந்தாலும் பையின் எடை 15 பவுண்டுதான்.
சீட்டு வெறும் தாள்.

பாதுகாப்பு: ஒரு கத்திமுனை பையைத் துளைத்தால் போதும், பை அழிந்து, உள்ளே இருந்தவை அனைத்தும் ஆஸ்ட்ரல் வெளி என்ற வேறோர் உலகில் சிதறிவிடும்.
சீட்டின் பாதுகாப்பு, அதை எழுதிக் கொடுத்தவரின் நிலையைப் பொறுத்தது. 12ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்களின் பணத்தைப் பெற்றுக்கொண்டு, வேறு ஊரில் அதைத் திருப்பித் தந்த, சிலுவைப் போர்க்காலத் துறவிப் படையான டெம்ப்ளர் அமைப்பின் வீரர்களை, அவர்களிடமே கடன்பட்டிருந்த பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் 1307இல் கைது செய்தார். கதையை அமைத்து ஆட்டத்தை வழிநடத்தும் ஆட்ட நடத்துநருக்கு இதைவிட நல்ல கதைக்கரு கிடைப்பது அரிது என்பேன்.

எளிமை: பையிலிருந்து ஒரு பொருளை எடுக்க, ஆடுபவர் தம் முறையில் செய்யும் ஒரு செயல் போதும்.
சீட்டை மாற்றச் சங்கத்தின் கிளை உள்ள நகரத்தை அடைய வேண்டும். போலிச் சீட்டைக் கண்டறிய முத்திரையோ மந்திரமோ தேவைப்படும்.

நிலவறைகளிலேயே நாட்களைக் கழிக்கும் குழுவுக்குப் பை பொருந்தும். கோட்டை கட்டவும் கப்பல் வாங்கவும் எண்ணி நகரங்களிடையே பயணிப்பவர்கள், இரண்டு சங்கங்களில் பணத்தைப் பிரித்து வைத்துச் சீட்டு பெறுவதே நல்லது.