மில் ஹாஸ்டலா, பெங்களூரு கார்மெண்ட்ஸா, ஓசூர் கம்பெனியா?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பெண்ணை மேலே படிக்க வைக்க வழியில்லை என்றால், வீட்டில் இந்த மூன்றும்தான் பேச்சில் வரும். எல்லோரும் முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். பிடிக்காவிட்டால் அதுவரை உழைத்த கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பி வர முடியுமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கோவை, திருப்பூர் பக்க நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததில் அது முடியவில்லை. மூன்று வருடம் முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்று புரோக்கர் வீடு தேடி வந்து சொல்வார். அது அவள் கூலியிலேயே பிடித்து வைத்த பணம். பஞ்சுத் தூசியில் உடம்பு கெட்டு இடையில் திரும்பிய பலருக்கு அது கைக்கு வரவில்லை. ஹாஸ்டலை விட்டு வெளியே விடாததைப் பெற்றோர் பாதுகாப்பு என்று நம்பினார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பூட்டிய கேட்டுக்குள் நடக்கும் கொடுமையை அவள் யாரிடம் சொல்வாள்?

பெங்களூரு சுலபமில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், சூப்பர்வைசர் திட்டு, வாடகையிலேயே பாதி சம்பளம் போய்விடும். ஆனாலும் மாதச் சம்பளம் கைக்கு வரும், சாயங்காலம் வெளியே வரலாம். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது 2016 ஏப்ரலில் தெரிந்தது. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தை முழுதாக எடுக்க 58 வயதுவரை காத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதியை மாற்றியதும், ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் சாலையில் இறங்கினார்கள். இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. ஹாஸ்டலில் அடைபட்டவர்களால் இப்படித் திரண்டிருக்க முடியுமா?

ஓசூரில் கம்பெனி பஸ், இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, பிஎஃப் எல்லாம் உண்டு. மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். குறை, பல இடங்களில் வேலை கான்ட்ராக்டர் வழியாகத்தான், நிரந்தரம் ஆவது அபூர்வம். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி தருகிறார்களா என்று சம்பள ரசீதைப் பார்க்க வேண்டும். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு வந்த பிறகுதான் வாபஸ் ஆனது.

"சும்மா இருப்பதற்கு ஏதோ ஒரு வேலை மேல்" என்பார்கள். வீட்டில் அரிசி இல்லை என்பதற்காகக் கூலியைப் பிடித்து வைக்கும் உரிமை முதலாளிக்கு வந்துவிடாது. முன்பணத்தைக் காட்டி வேலையை விட்டுப் போகவிடாமல் வைத்தால், 1976-ம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமை முறை.

மில்தான் கதி என்றால், மாதாமாதம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சம்பளம் போடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அனுப்பாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பெண் 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால் 1098, மேற்பட்டவள் என்றால் 181 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.