தை மாதம் கைமாற வேண்டிய வீடு: எப்போது பெயின்ட், என்ன நிறம், அடுப்படிக்கு என்ன வழி

ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதிய நம்மவர்களில் பெரும்பாலோர் விரும்புவதில்லை. அதனால் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டை விற்க நினைப்பவர்கள் தை மாதத்தைக் குறிவைத்தே கணக்குப் போடுகிறார்கள். தை பிறந்ததும் ஆட்கள் பார்க்க வரவேண்டுமானால் பெயின்ட் வேலை அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதமும் மழை. நடுவில் தீபாவளிப் பலகாரம், கடைசியில் பொங்கல். ஷேட் கார்டை (நிற மாதிரி அட்டையை) புரட்டுவதற்கு முன் நாள்காட்டியைப் புரட்டுவதுதான் சரி.

புரட்டாசி, கார்த்திகை, மார்கழி

புரட்டாசியில் சுவர் வெயிலில் காய்ந்திருக்கும். பட்டி (சுவரைச் சமமாக்கும் புட்டி) ஒரே நாளில் இறுகும், பிரைமரும் (அடிப்பூச்சும்) நன்றாகப் பிடிக்கும். காலி வீடென்றால் யோசிக்காமல் அப்போதே முடித்துவிடலாம். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அது செல்லாது. அடுத்த சில வாரங்களில் முறுக்கும் அதிரசமும் பொரித்து எடுக்கும் அடுப்படி, கார்த்திகை விளக்குக் கரி, சோபா உரசிய தழும்பு எல்லாம் சேர்ந்து, தையில் பார்க்க வருபவர் கண்ணுக்குப் பழைய பெயின்டாகவே தெரியும்.

தீபாவளி முடிந்ததும் பெயின்டர்களுக்கு வேலை குறையும், கூலியில் பேரம் படியும். இந்த ஆசையில்தான் பலர் கார்த்திகையில் தொடங்குகிறார்கள். மூன்றில் மோசமான தேர்வு இதுதான். ஈரக்காற்றில் பட்டி மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அதன்மேல் பூசிய பிரைமர், மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது கூடவே ஏடு ஏடாக வரும். அடர் நிறம் அடித்திருந்தால் பெயின்டிலிருந்து பழுப்பாக, பிசுக்காக ஒரு கசிவு கோடுகோடாக இறங்கும். அடர் நிறத்தில் சாயம் அதிகம், சாயம் கூடினால் இந்தக் கசிவும் கூடும்.

மார்கழியின் பிற்பாதியில் மழை விட்டுவிடும். காற்றும் வறண்டு வரும். ஆனால் போகிக்கு வெள்ளையடிக்கிறவர்கள் கூட்டத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

குடியிருக்கும் வீட்டுக்கு வேலையைப் பிரித்துக்கொள்வதே நல்லது. ஒழுகல் அடைப்பு, விரிசல், பட்டி, ஒரு கோட்டு பிரைமர் ஆகியவை புரட்டாசியில். நிறப்பூச்சு இரண்டு கோட்டும் மார்கழிக் கடைசியில். பெயின்டரிடம் தேதியை புரட்டாசியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். அடுப்படியை மட்டும் முழுக்க மார்கழிக்குத் தள்ளிவையுங்கள்.

மழைக்குப் பின் பூசும் முன் ஒரு சோதனை. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒருநாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் தயாராகவில்லை. பாத்ரூமுக்குப் பின்சுவரிலும் மொட்டைமாடிக்குக் கீழுள்ள மூலைகளிலும் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். ஓதம் ஏறிய சுவரில் எந்தப் பெயின்டும் நிற்காது. உப்பு பூத்து, பொருக்கு விட்டு உதிரும்.

தரைத்தள வீட்டில் கீழ் மூன்றடிக்கு மட்டும் தனியாகப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள், வெள்ளத் தடத்தை மறைத்தது போலத் தெரியும். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. முடிச்சூரிலோ வேளச்சேரியிலோ வீடு தேடுகிறவர் வெள்ளம் நின்ற கோட்டைத்தான் முதலில் தேடுவார்.

தூய வெள்ளை, ஐவரி, வெளிர் சாம்பல், ஒற்றைச் சுவர் அடர்நிறம்

குடியிருக்க அடிக்கும் நிறம் வேறு, விற்க அடிக்கும் நிறம் வேறு. கிளிப்பச்சையும் ஊதாவும் உங்களுக்கு மங்களமாக இருக்கலாம். வாங்குபவர் அதைப் பார்த்ததும் மறுபடி அடிக்கும் செலவை மனதுக்குள் விலையில் கழித்துவிடுவார். வெள்ளை அதை மறைக்க இரண்டு கோட்டு போதாது என்பதும் அவருக்குத் தெரியும்.

தூய வெள்ளை வெளிச்சத்தை நன்றாகத் திருப்பித் தரும். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் எல்.இ.டி. ட்யூப்தான். அந்த வெளிச்சத்தில் தூய வெள்ளை நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி போலத் தெரியும். சுவிட்ச் போர்டைச் சுற்றிய விரல் அழுக்கும் முதலில் இதில்தான் தெரியும். சீலிங்குக்கு மட்டும் இது பொருந்தும்.

ஐவரி பழைய, பத்திரமான தேர்வு. மஞ்சள் சற்றுக் கூடிய ஐவரி மேற்கு வெயில் விழும் அறையில் மாலை நான்கு மணிக்குக் காவி அடித்த மாதிரி ஆகிவிடும், ட்யூப் வெளிச்சத்திலோ வெளிறிய பச்சை தட்டும். மஞ்சள் குறைந்த, ஒரு சொட்டுச் சாம்பல் கலந்த ஆஃப் ஒயிட்தான் இரண்டிலும் தாக்குப்பிடிக்கும். ஹாலுக்கு இதையே தேர்ந்தெடுப்போம்.

வெளிர் சாம்பல் இப்போதைய புது ஃபிளாட்டுகளின் மோகம். பெரிய ஜன்னலும் குறுக்குக் காற்றும் உள்ள வீட்டில் அழகாக இருக்கும். வடக்கு பார்த்த, அடுத்த கட்டடம் ஐந்தடியில் நிற்கும் அறையில் பகலிலேயே இருட்டிக் கிடக்கும். ஒற்றைச் சுவர் அடர்நிறத்தைப் பற்றி ஒரு வரி போதும்: விற்கிற வீட்டில் வேண்டாம்.

எந்த ஷேடானாலும் கடை மெஷினில் கலக்கச் சொல்லி, அந்த நிறத்தின் குறியீட்டு எண்ணை எழுதி வாங்குங்கள். பெயின்டர் வீட்டில் ஸ்டெய்னர் (நிறச்சாயம்) ஊற்றிக் கையால் கலக்கினால், நான்கு வாரம் கழித்து டச்சப் செய்யும்போது (கெட்ட இடத்தை மட்டும் திருத்திப் பூசும்போது) அந்த நிறம் திரும்பக் கிடைக்காது.

டிஸ்டெம்பர், மேட் எமல்ஷன், பளபள எமல்ஷன்

டிஸ்டெம்பர் மலிவு. தோளில் ஒட்டும், ஈரத்துணி பட்டால் கரையும். பழைய டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பின்மேல் நேரடியாக எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்) அடிப்பதுதான் உரிதலுக்கு முதல் காரணம். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன்.

விலை கூடிய பளபள எமல்ஷன் கழுவ வசதியானது. விற்பனைக்கு அதில் ஒரு தொல்லை. ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழும் வெளிச்சம், பட்டியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். டச்சப் செய்த இடமும் தனித் திட்டாக மின்னும். ஆள் வந்து போகப் போகக் கீறல் விழத்தான் செய்யும். நடுத்தர விலை மேட் (பளபளப்பில்லாத) எமல்ஷனில் அந்தக் கீறலைச் சின்ன ரோலரால் ஒற்றி மறைத்துவிடலாம்.

கணக்கு இப்படி: 12க்கு 15 அடி ஹால், உயரம் 10 அடி. சுற்றளவு 54, சுவர் 540 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 90 கழித்தால் 450. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குத் தோராயமாக 100 சதுர அடி என்று வைத்தால் நாலரை லிட்டர். நான்கு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் டப்பா ஒன்றும் வாங்கினால் மீதி டச்சப்புக்கு. மூன்று லிட்டரில் முடித்துவிட்டதாக ஆள் சொன்னால் மகிழ வேண்டாம். டப்பாவில் அச்சிட்ட அளவைத் தாண்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று பொருள்.

அடுப்படி

வாங்க வருபவர்களில் பெண்கள் நேராக இங்கேதான் வருவார்கள். அடுப்புக்கு மேலே, டைல்ஸ் முடிந்து லாஃப்ட் தொடங்கும் வரையுள்ள சுவரில் விரல் வைத்தால் ஒட்டும். அந்தப் பிசுக்கின்மேல் அடித்த பெயின்ட் சிறு சிறு வட்டங்களாக ஒதுங்கும். ஒதுங்காமல் பிடித்தாலும் சில நாளில் மஞ்சள் கறை பெயின்டுக்கு அடியிலிருந்து வெளியே வரும்.

கொதிநீர் ஒரு லிட்டருக்குச் சலவை சோடா 50 கிராம். கையுறை போட்டு, ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் துடைத்து, சுத்தத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அலுமினிய ஜன்னல் சட்டத்தில் சோடா படவிடாதீர்கள், கறுத்துவிடும். பிறகு தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, படலமாகப் பரவினால் போய்விட்டது. இரண்டு நாள் உலரவிட்டு, 220 எண் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, கறை தடுக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட்டு. அதன்மேல் எமல்ஷன்.

எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) அடித்தால் கழுவ எளிது என்பார்கள். உண்மைதான். ஆனால் வெளிச்சம் படாத இடங்களில், குறிப்பாக ஃபிரிட்ஜுக்குப் பின்னால், வெள்ளை எனாமல் மஞ்சளாகிவிடும். வாடையும் போக நாளாகும். இங்கு மட்டும் கழுவத் தகுந்த பளபள எமல்ஷனே மேல்.

பொங்கல் சமையல் எங்கே?

புது எமல்ஷன் தொட்டால் சில மணிநேரத்தில் காய்ந்துவிடும். தேய்த்துக் கழுவும் அளவுக்கு இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். மார்கழிக் கடைசியில் அடித்த அடுப்படிக்குப் பொங்கலன்று அந்த வயது வந்திருக்காது. அன்று தெறிக்கும் எண்ணெயைத் தேய்த்தால் கறையோடு பெயின்டும் வரும்.

வாசலில் விறகடுப்பு வைத்தால் போர்டிகோ சீலிங்கில் புகைக்கரி படியும். மொட்டைமாடி திறந்தவெளி, புகைக்குக் கவலை இல்லை. தட்டோட்டில் நேரடியாக நெருப்பு வைத்தால் ஓடு வெடிக்கும், அடியில் மணல் பரப்பிச் செங்கல் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஃபிளாட் என்றால் குக்கர், இட்லிப் பாத்திரம், பால் பொங்கல் எல்லாம் உள்ளேயே நடக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனும் ஜன்னலும் திறந்திருந்தால் போதும். வடை, அப்பளம், வாழைக்காய் பஜ்ஜி என்று பொரிக்கிற எல்லாவற்றையும் இண்டக்‌ஷன் அடுப்போடு பால்கனிக்குக் கொண்டுபோய்விடுங்கள். தெறித்துவிட்டால் தேய்க்காமல் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள், மிச்சத்தை டச்சப் டப்பா பார்த்துக்கொள்ளும்.