குழந்தைகளுக்கு ரெகே: ‘பி இஸ் ஃபார் பாப்’ ஆல்பம் எப்படி?

மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டில் ஆட ஜமைக்காவின் ரெகே இசை தேடினால், 2009இல் வந்த இந்த ஆல்பத்தில் தொடங்கலாம். ரெகே பாடகர் பாப் மார்லியின் பாடல்களிலிருந்து அவர் மகன் ஸிக்கி மார்லி சிறுவர்களுக்கென்று பொறுக்கியெடுத்தது. சிலவற்றின் இசையைப் புதிதாக மாற்றியும் இருக்கிறார்.

முதலில் ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ போடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 75 தட்டு. கிட்டார் எதிர்த்தட்டில், அதாவது இரண்டு தட்டுக்கு நடுவில், ‘சக், சக்’ என்று வெட்டும். அதற்கு முட்டியை மடக்கி எழுந்தாலே ஆட்டம் வந்துவிடும். 120ஐத் தாண்டும் டான்ஸ் பாட்டுக்கு நாலு வயதுக் கால் ஓடுமே தவிர ஆடாது.

மார்லியின் மொத்தப் பட்டியலையும் ஓடவிடாதீர்கள். பாட்டுச் செயலிகள் காட்டும் ‘எக்ஸ்ப்ளிசிட்’ எச்சரிக்கைக் குறி முக்கியமாகக் கெட்ட வார்த்தைக்குத்தான். 1978இன் ‘காயா’ கஞ்சாப் பாட்டு. ஆனால் கெட்ட வார்த்தை கிடையாது, அதனால் அந்தக் குறியை நம்ப முடியாது. ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள், ஆல்பம் முடிந்ததும் ரெகேயிலிருந்து பிறந்த ‘டான்ஸ்ஹால்’ இசைக்குத் தாவிவிடலாம். அதில் நிறையப் படுக்கையறைச் சமாச்சாரம்!

போன் ஸ்பீக்கர் வேண்டாம். ரெகேயின் உயிரான பேஸ் (அடித்தொனி) அதில் காணாமல் போகும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைத்தால் பேஸ் கூடும். சத்தம் 75 டெசிபலுக்குள் இருக்கட்டும்.

இது சலித்தால், ஸிக்கியின் கிராமி வென்ற ‘ஃபேமிலி டைம்’.